ஒரு பள்ளிக்கு ஒரு பெயர்தான்

“நீவு தமிழவரல்வா, மிஸ்?”

மதியச் சாப்பாட்டு மணி அடித்து, டப்பாவைத் திறந்து, புளிச்சோற்றில் முதல் கவளத்தை எடுத்திருந்தேன். ஆசிரியர் அறை வாசலில் ஒரு பெண்மணி நின்றிருந்தார். ஒரு கையில் ஹெல்மெட், கழுத்தில் அலுவலக அடையாள அட்டை. வெயிலில் ஸ்கூட்டர் ஓட்டி வந்ததில் முகம் சிவந்திருந்தது. எங்கள் பள்ளியில் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்த சஹனாவின் அம்மா, ஷோபா.

நீங்கள் தமிழ்க்காரர்தானே என்று கேட்கிறார். அவர் அன்று பேசியதெல்லாம் கன்னடம். உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

“ஆமாம்” என்றேன். கையிலிருந்த சோற்றை டப்பாவிலேயே திரும்ப வைத்தேன்.

“அதனாலதானே அந்தப் பொண்ணு பேரைக் கொடுத்தீங்க? என் பொண்ணு பொறந்ததிலிருந்து பேசற மொழி இது. அவளை விட்டுட்டு, வீட்ல தமிழ் பேசற பொண்ணைக் கன்னடப் பேச்சுப் போட்டிக்கு அனுப்பறீங்க. உங்க ஆளுங்கன்னு தானே?”

அறையில் எல்லா ஸ்பூன்களும் நின்றுபோயின. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அறிவியல் டீச்சர் ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். கை கழுவக்கூடத் தோன்றாமல் நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

கோபம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது வேறு ஒன்று. ரயிலில் டிக்கெட் கையில் இருக்கும்போதே, பரிசோதகர் வந்து நின்றதும் அதில் தேதியை ஒரு தடவை சரிபார்ப்போமே, அந்த மாதிரி ஒன்று.

கன்னட மிஸ், தமிழ் மிஸ்

இந்தத் தொடரில் பெங்களூர் மர்பி டவுனைப் பற்றி எழுதியபோதே சொல்லியிருக்கிறேன். நான் பிறந்தது, வளர்ந்தது, கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளிக் குடிபோனது எல்லாம் அங்கேதான். வீட்டில் தமிழ். கோவிலில் தமிழ்ப் பூசை. அப்பா ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். அவர்தான் என்னைக் கன்னடம் எடுத்துப் படிக்கச் சொன்னார். “இந்த ஊர்ல சாப்புடறோம், இந்த ஊரு பாஷைல ஒரு பட்டம் வாங்கு. எவனும் உன்ன ஒண்ணும் கேக்க மாட்டான்” என்றார்.

அப்பா நல்ல மனிதர். ஆனால் அந்தக் கணக்கு மட்டும் அவருக்குத் தப்பிப்போனது. எல்லாரும் கேட்டார்கள்.

கல்லூரியில் முதல் வருடம் நான் வாய் திறந்தாலே பின்பெஞ்சில் சிரிப்பு வரும். தமிழில் நாம் ஒரே ஒரு ‘ப’வை வைத்துக்கொண்டு காலம் தள்ளிவிடுகிறோம். கன்னடத்தில் அந்த இடத்தில் நான்கு எழுத்துகள். அதில் ஒன்றை அடிவயிற்றிலிருந்து மூச்சோடு கொண்டுவர வேண்டும். ‘பாஷை’ என்ற சொல்லை நான் சொன்னால் அது பாஷையாகவே இருக்காது. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, யாருக்கும் கேட்காமல் அந்த ஓர் எழுத்தைச் சொல்லிச் சொல்லிப் பழகினேன். அம்மா கதவைத் தட்டி, “இன்னாடி உள்ள மூச்சு வாங்குற, ஒடம்பு சரியில்லையா?” என்று கேட்டிருக்கிறாள்.

எப்படியோ தேறினேன். வகுப்பில் முதலாவதாகவே தேறினேன். கன்டோன்மென்ட் பக்கம் கன்னிகாஸ்திரிகள் நடத்தும் அந்தப் பெண்கள் பள்ளியில் கன்னட ஆசிரியை வேலை கிடைத்தது. ஓய்வு பெறும்வரை அங்கேயேதான்.

மர்பி டவுனில் நான் கன்னட மிஸ். பள்ளிக்கூடத்தில் தமிழ் மிஸ். இரண்டு பெயருக்கும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டேன்.

கோப்பை அலமாரி

எங்கள் பள்ளியில் நுழைந்ததும், மாதா சுரூபத்துக்கு எதிரே, ஒரு பெரிய கண்ணாடி அலமாரி இருக்கும். உள்ளே கோப்பைகள். ஆங்கில விவாதம், ஆங்கில நாடகம், வினாடி வினா, அறிவியல் கண்காட்சி, த்ரோபால். பொதுத் தேர்வில் முதலிடம் வந்த பெண்களின் படங்கள் மேல் தட்டில். பெற்றோர்கள் அட்மிஷனுக்கு வந்தால் முதலில் அந்த அலமாரி முன்னால்தான் நிற்பார்கள்.

அதில் கன்னடத்துக்கு என்று ஒரு கோப்பை கிடையாது. தாலுகா அளவில் வாங்கிய சில சான்றிதழ்கள் என் மேஜை டிராயரில் இருந்தன. ஒவ்வொரு ஆண்டும் ஒரு கன்னட அமைப்பு பள்ளி மாணவர்களுக்குப் பேச்சுப் போட்டி நடத்தும். சீட்டு எடுக்க வேண்டும். சீட்டில் உள்ள தலைப்பில், சில நிமிட யோசனைக்குப் பிறகு மேடையேறிப் பேச வேண்டும். தாலுகா, மாவட்டம், மாநிலம் என்று மூன்று படி. ஒரு பள்ளிக்கு ஒரு பெயர்தான்.

நாங்கள் முதல் படியைத் தாண்டியதே இல்லை. எங்கள் பிள்ளைகள் வீட்டில் தமிழ், உருது, மலையாளம், தெலுங்கு பேசுகிறவர்கள். கன்னடத்தைப் பரீட்சைக்குப் படித்துப் பரீட்சையோடு மறந்துவிடுவார்கள். தலைமை ஆசிரியை சிஸ்டர் மங்களூர்க்காரர், கொங்கணி பேசுகிறவர். “அமலா, அடுத்த வருஷம் பாக்கலாம்” என்று ஒவ்வொரு வருடமும் சொல்வார். அவரும் சலித்துச் சொன்னதில்லை, நானும் சலித்துக் கேட்டதில்லை.

அப்படியிருக்கும்போது, ஒரே வருடத்தில், ஒரே வகுப்பில், ஒரே பெஞ்சில் இரண்டு பெண்கள் கிடைத்தார்கள்.

ஒரே பெஞ்சு

சஹனா ஆடுகோடியிலிருந்து வருவாள். உயரம், துறுதுறுப்பு. ஆட்களைப் போல நடித்துக் காட்டுவாள். கணக்கு டீச்சர் சாக்பீஸைத் தேடுவதைச் செய்து காட்டினால் கணக்கு டீச்சரே சிரிப்பார். பேச்சு அருவி மாதிரி வரும். ஒரே ஒரு குறை, ‘ஹ’ வராது. ‘ஹாலு’ என்கிற பால் அவள் வாயில் ‘ஆலு’ ஆகிவிடும். ‘ஹூவு’ என்கிற பூ ‘ஊவு’. அவள் அம்மா மண்டியா பக்கத்துக்காரர். அந்தப் பக்கம் பலர் அப்படித்தான் பேசுவார்கள்.

பவித்ரா நீலசந்திராவிலிருந்து வருவாள். அப்பா முருகேசன், டைல்ஸ் ஒட்டுகிறவர். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்தவர். அம்மா ஓசூர் ரோட்டில் ஒரு கார்மென்ட்ஸில் தையல் வேலை. இவள் சஹனாவுக்கு நேர் எதிர். மெதுவாகப் பேசுவாள். ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு, அது போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைச் சொல்வாள். அந்த மூச்சு எழுத்துகள் அவளுக்கு அவ்வளவு சுத்தமாக வந்தன. “எப்படிடீ பழகினே?” என்று கேட்டேன். “வூட்டு ஓனர் பாட்டி ரேடியோ கேப்பாங்க மிஸ். நானும் கூடவே சொல்லுவேன்” என்றாள்.

மதிய இடைவேளையில் நூலகத்தின் மூலையில் இருவருக்கும் பயிற்சி. நான் தலைப்புகளைத் துண்டுக் காகிதத்தில் எழுதி, காலி ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்திருப்பேன். ஒருத்தி பேசும்போது மற்றவள் சாப்பிடுவாள். சஹனாவின் ராகி ரொட்டியைப் பவித்ரா தின்பாள். பவித்ராவின் எலுமிச்சைச் சாதத்தைச் சஹனா தீர்த்துவிடுவாள். பிறகு இருவரும் ஒரே பஸ்ஸில் வீடு திரும்புவார்கள்.

பெயர் கொடுக்கும் நாள் வந்தது. இருவரையும் வகுப்பின் முன்னால் பேச வைத்தேன். அன்று பவித்ரா நன்றாகப் பேசினாள். சஹனா பாதியில் தலைப்பை விட்டு எங்கோ போய்விட்டாள். நான் பவித்ராவின் பெயரை எழுதி அலுவலகத்தில் கொடுத்தேன். சஹனா தோளைக் குலுக்கிவிட்டு, “பரவால்ல மிஸ்” என்றுதான் சொன்னாள்.

வீட்டில் போய் அழுதிருக்கிறாள். அது எனக்குத் தெரியாது.

மறுபடியும் அந்த வாசல்

ஷோபாவிடம் நான் அன்று என்ன சொன்னேன் என்று பிறகு பலர் கேட்டார்கள். நறுக்கென்று ஏதோ பதில் சொன்னதாக ஒரு கதைகூடப் பள்ளியில் உலவியது. உண்மையில் நடந்தது இவ்வளவுதான். எழுந்து கை கழுவினேன். “வாங்க, சிஸ்டர்கிட்டயே பேசிடலாம்” என்று கூட்டிக்கொண்டு போனேன்.

சிஸ்டர் இரண்டு பக்கமும் கேட்டார். கடைசியில் சொன்னார்: “அமலா, உன் மேல எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனா இந்தப் பேச்சு ஸ்கூல்ல சுத்தக் கூடாது. வெளியிலிருந்து ஒருத்தரைக் கூப்பிடலாம். ரெண்டு பேரும் மறுபடி பேசட்டும். அவங்க சொல்றது முடிவு.”

தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். படிக்கட்டில் இறங்கும்போதுதான் கோபம் வந்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். ‘உங்க ஆளுங்க’ என்ற சொல்தான் உள்ளே சுற்றிக்கொண்டிருந்தது. என் கைக்கு வந்துபோன பிள்ளைகளில் யார் என் ஆள், யார் இல்லை? பவித்ராவைத் தேர்ந்தெடுத்தபோது என் மனதின் ஓரத்தில் அப்படி ஏதாவது இருந்ததா என்று நானே என்னைக் கேட்டுக்கொண்டேன். இல்லை என்றுதான் பதில் வந்தது. ஆனாலும் வீடு போய்ச் சேரும்வரை கேட்டுக்கொண்டே போனேன்.

செய்தி பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்குமா? மறுநாள் அந்தப் பெஞ்சில் சஹனா ஒரு கோடி, பவித்ரா ஒரு கோடி. நடுவில் இரண்டு பைகள். அம்மா பள்ளிக்கு வந்து சண்டை போட்டது சஹனாவுக்கு அவமானம். தன் பெயரை நிறுத்தி வைத்தது பவித்ராவுக்கு அவமானம். ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

இரண்டு நாள் கழித்து முருகேசன் வந்தார்.

வேலையிடத்திலிருந்து நேராக வந்திருந்தார். புருவத்திலும் முழங்கையிலும் கல் அறுத்த வெள்ளைத் தூள். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை. கேட்டுக்குப் பக்கத்து மர நிழலிலேயே நின்றார்.

“மிஸ், பவித்ரா பேர எடுத்துடுங்க.”

“ஏங்க?”

“நமக்கு எதுக்கு மிஸ் வம்பு? வாடக வூட்ல இருக்கறோம். ஓனரு நல்லவருதான். ஆனா தண்ணி விசயம் டிவில வந்துச்சுன்னா, அந்த வாரம் பூரா நான் வெளிய நின்னு தமிழ்ல போன்கூட பேச மாட்டேன். அந்தம்மா கவர்மென்ட் ஆபீஸ்ல இருக்காங்களாமே. அவங்க பொண்ணே போவட்டும்.”

“பவித்ரா என்ன சொல்றா?”

அவர் காலடியில் கிடந்த ஒரு சரளைக் கல்லைச் செருப்பு நுனியால் தள்ளினார். “அது ஒண்ணும் சொல்லல. சோறு துன்னல.”

அவர் பயம் பொய்யில்லை. டிவியில் தண்ணீர்ச் செய்தி வந்தால் நானும் கோவிலுக்குப் போகிற வழியில் குரலைத் தணித்துப் பேசுகிறவள்தான்.

“முருகேசன், இன்னும் ஒரு தடவ பேசப் போறாங்க. வெளிய இருந்து ஆள் வராங்க. அவங்க உங்க பொண்ணு வேணாம்னு சொன்னா, நானே ‘சரி’ன்னு விட்டுடறேன். தோத்தா தோக்கட்டும். ஆனா அப்பா பேர எடுத்துட்டாருன்னு அவ மனசுல இருக்க வேணாம்.”

முழங்கையிலிருந்த தூளைத் தட்டினார். “உங்க பொறுப்பு மிஸ்” என்று சொல்லிவிட்டு, வந்த வேகத்தில் போய்விட்டார்.

வெளியிலிருந்து வந்தவர்

மல்லேஸ்வரம் பக்கம் ஒரு கல்லூரியில் கன்னடம் கற்பித்து ஓய்வு பெற்ற அம்மாள் ஒருவரைச் சிஸ்டர் வரவழைத்திருந்தார். கைத்தறிப் புடவை, பெரிய மூக்குக் கண்ணாடி. எந்தப் பெண் என்ன மொழி என்று அவருக்குச் சொல்லவில்லை. ஷோபாவும் அலுவலகத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு வந்து, கடைசி வரிசையில் மடியில் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சஹனாவுக்கு வந்த தலைப்பு, போக்குவரத்து நெரிசல். ஆடுகோடி சிக்னலில் மாட்டிக்கொண்ட ஒரு ஸ்கூட்டர் அம்மாவை அவள் மேடையில் கொண்டுவந்து நிறுத்தினாள். பின்னால் மகள் வரலாற்றுப் பரீட்சைக்குப் படித்ததை ஒப்பிக்க, அம்மா நடுநடுவே ஆட்டோக்காரரைத் திட்டிக்கொண்டே திப்பு சுல்தானின் போர்களைத் திருத்துகிறார். நடுவர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். கடைசி வரிசையில் ஷோபா வாயைப் பொத்திக்கொண்டார்.

பவித்ராவுக்கு வந்தது, விடுமுறை. நல்ல கன்னடம், ஓர் எழுத்து பிசகவில்லை. ஆனால் கடற்கரை, மலை, உறவினர் வீடு என்று பாடப்புத்தகத்து விடுமுறை ஒன்றைச் சொல்லிக்கொண்டு போனாள். அவளுக்கு அப்படி ஒரு விடுமுறை வாய்த்ததே இல்லை. இல்லாததைப் பற்றிப் பேசினால் அவளுக்குக் குரல் வராது. அன்றுதான் எனக்கே அது தெரிந்தது.

சஹனா என்று முடிவானது. நானாக இருந்தாலும் அன்று சஹனாவைத்தான் சொல்லியிருப்பேன். நடுவர் போகும்போது என்னிடம் மட்டும் சொன்னார்: “அந்த இரண்டாவது பொண்ணு, அந்த உச்சரிப்பு... எந்த ஊர்க் குடும்பம்?”

“நீலசந்திரா” என்றேன்.

பவித்ரா அழவில்லை. எல்லாரும் போனபிறகு வந்து, “மிஸ், நாளைலேருந்து லன்ச்சுக்கு நூலகத்துக்கு வரணுமா, வேணாமா?” என்று கேட்டாள்.

“வரணும்” என்றேன்.

கழுத்து டை

தாலுகாப் போட்டிக்குச் சஹனாவோடு பவித்ராவையும் துணைக்குக் கூட்டிப்போனேன். உள்ளூர எனக்குப் பயம்தான், இருவரும் இன்னும் பேசிக்கொள்ளவில்லை. பஸ்ஸில் எனக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி.

பெயர் கூப்பிடப் போகிற நேரத்தில் சஹனாவைக் காணோம். கழிப்பறையில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். மேடை என்றாலே அவளுக்கு வயிற்றைப் புரட்டுமாம். இத்தனை நாள் எங்களுக்குத் தெரியாமல் மறைத்து வைத்திருந்தாள். நான் தண்ணீர் பாட்டிலைத் தேடி ஓடி, திரும்பி வந்து பார்த்தால், பவித்ரா அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். சஹனாவின் டை நனைந்து நாறியது. பவித்ரா தன் டையைக் கழற்றி அவள் கழுத்தில் மாட்டினாள்.

“‘ஹ’ மறந்துடாதே” என்றாள்.

“போடீ” என்றாள் சஹனா. அந்த ஒரு சொல் அவள் பவித்ராவிடம் கற்ற தமிழ்.

திரும்பும்போது பஸ்ஸில் இருவரும் ஒரே சீட்டில். நான் தனியாக முன்னால் உட்கார்ந்து வந்தேன். நிம்மதியாகத் தூங்கிவிட்டேன்.

அதற்குப் பின் ஒரு மதியம் ஷோபா மறுபடியும் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றார். அறிவியல் டீச்சர் அவசரமாக ஜன்னலுக்குத் திரும்பினார். ஷோபா ஒரு பெரிய டப்பாவை என் மேஜையில் வைத்தார். ராகி ரொட்டி. “அந்தப் பொண்ணுக்குப் பிடிக்குமாமே. மிஸ், எங்க வீட்ல யாருக்கும் ‘ஹ’ வராது. எனக்கும் வராது. பவித்ராவையே என் பொண்ணுக்குச் சொல்லித்தரச் சொல்லுங்க” என்றார். பிறகு டப்பாவைத் திறந்து எனக்கும் ஒன்றை எடுத்து வைத்தார்.

சஹனா மாவட்டத்தில் முதலாவதாக வந்தாள். மாநிலத்தில் இரண்டாவது. கண்ணாடி அலமாரியில், த்ரோபால் கோப்பைகளைக் கொஞ்சம் ஒதுக்கி, கன்னடத்துக்கு ஓர் இடம் கிடைத்தது. சிஸ்டர் தன் கையாலேயே கண்ணாடியைத் துடைத்தார்.

இரண்டு பேர், இரண்டு பாஷை

அடுத்த ஆண்டு இருவரும் பத்தாவது. பத்தாவதுப் பிள்ளைகளைப் போட்டிகளுக்கு அனுப்ப எந்தப் பள்ளியும் யோசிக்கும். சிஸ்டரும் யோசித்தார். நான் சஹனாவைக் கூப்பிட்டு, போன வருடம் பரிசு வாங்கியவள், முதல் உரிமை உனக்குத்தான் என்றேன்.

“ஐயோ மிஸ், வேணவே வேணாம். ஒவ்வொரு தடவையும் வாந்தி எடுத்து எனக்குப் போதும்போதும்னு ஆயிடுச்சு. நான் கட்டுரைப் போட்டிக்குப் போறேன். உக்காந்து எழுதலாம்” என்றாள். தியாகம் எல்லாம் ஒன்றுமில்லை. அவ்வளவு சந்தோஷமாக விட்டுக்கொடுத்தாள்.

பவித்ரா தாலுகாவைத் தாண்டினாள். மாவட்டத்தையும் தாண்டினாள். மாநிலப் போட்டி தார்வாடில். இரண்டு நாள் வெளியூரில் தங்க வேண்டும். முருகேசன் முடியாது என்று சொல்லிவிட்டார்.

நான் அவர் வீட்டுக்குப் புறப்பட்ட ஞாயிற்றுக்கிழமை, எப்படியோ கேள்விப்பட்டு ஷோபா ஸ்கூட்டரோடு வந்து நின்றார். “ஏறுங்க மிஸ்.”

நீலசந்திராவின் சந்துகளில் ஸ்கூட்டரே தயங்கித் தயங்கித்தான் போகும். மாடியில் ஒற்றை அறை வீடு. உள்ளே தரையில் மட்டும் வீட்டுக்குப் பொருந்தாத அழகான டைல்ஸ். வேலையிடங்களில் மிஞ்சிய துண்டுகளைச் சேர்த்து முருகேசனே ஒட்டியது. ஒன்றுக்கொன்று நிறம் வேறு, ஆனால் ஓர் இடுக்கில்கூட நகம் நுழையாது.

ஷோபா தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் தமிழில் ஆரம்பித்தார்.

“நானு... உங்க பொண்ணு கூட ஓகிறேன். என் பொண்ணு மாதிரி. லீவு போட்டிருக்கு. பயம் வேணா.” போகிறேன் என்பதைத்தான் ‘ஓகிறேன்’ என்கிறார்.

முருகேசன் பதறிப்போய்க் கன்னடத்தில் பதில் சொன்னார். “பய இல்லா மேடம். ஹெண்ணு மகு அல்வா. தூரா அல்வா.” பெண் பிள்ளையாயிற்றே, தூரமாயிற்றே என்கிறார்.

“தூரம் இல்ல. ரயில்ல காலைல ஏறி, மத்தியானம் இறங்கி.”

“அது சரி மேடம், ஆதரே...” ஆனால் என்று இழுக்கிறார்.

மரியாதைக்காக அவர் இவர் மொழியையும், இவர் அவர் மொழியையும் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார்கள். இருவருக்கும் பாதிச் சொற்கள் வரவில்லை. நான் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் எடுத்துக்கொடுத்தேன். மூலையில் சுவரோரம் நின்ற பவித்ரா சிரிப்பை அடக்கத் தாவணி நுனியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

முடிவு சொன்னது அவள் அம்மா. அதுவரை அடுப்படியில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர், டம்ளரை நீட்டிக்கொண்டே சொன்னார்: “யோவ், நீ எத்தினி ஊருக்குப் போயி கல்லு ஒட்டின? அவளும் ஒரு ஊரப் பாத்துட்டு வரட்டும்.”

தார்வாட்

ரயிலில் ஷோபா சித்ரான்னம் கட்டி வந்திருந்தார். பவித்ராவுக்கு ஜன்னலோரம். அவள் தும்கூர் தாண்டியும் கண்ணை எடுக்காமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

“மிஸ், அன்னைக்கு உங்க ரூம்ல வந்து நான்...” என்று ஷோபா ஆரம்பித்தார்.

“சித்ரான்னத்துல மாங்கா போட்டிருக்கீங்களா? நல்லா இருக்கு” என்றேன். அவர் என் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

போட்டி நடந்தது ஒரு பழைய கல் கட்டிட அரங்கத்தில். வடகர்நாடகத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் பேசும்போது என் நம்பிக்கை கரைந்துகொண்டே போனது. அப்படிக் கணீரென்ற கன்னடம். பவித்ராவின் முறை வந்தது. சீட்டை எடுத்தாள். தலைப்பு, வீடு.

மேடையில் நின்று சபையை ஒரு முறை பார்த்தாள்.

“நாங்கள் இதுவரை பல வாடகை வீடுகளில் இருந்திருக்கிறோம்” என்று ஆரம்பித்தாள். சுவரில் ஆணி அடிக்கக் கூடாத வீடு. தம்பி அழுதால் கீழேயிருந்து தட்டுகிற வீடு. பிறகு சொன்னாள்: “என் அப்பா டைல்ஸ் ஒட்டுகிறவர். பெங்களூரில் எத்தனையோ வீடுகளுக்குள், அந்த வீட்டுக்காரர்களுக்கு முன்னாலேயே அவர் போயிருக்கிறார். சமையலறை எங்கே, சாமி அறை எங்கே என்று அவருக்குத்தான் முதலில் தெரியும். தரை காய்ந்ததும் கதவைச் சாத்திவிட்டு வந்துவிடுவார். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குள் அவர் போனதில்லை.”

இது எதையும் நூலகத்து மூலையில் அவள் என்னிடம் பேசியதில்லை. ஷோபா என் முழங்கையைப் பிடித்தார். பிடி வலிக்கிற அளவுக்கு இருந்தது. பவித்ரா ஒரு வாக்கியம் சொன்னாள், அது போய்ச் சேர்ந்ததா என்று பார்த்தாள், அடுத்ததைச் சொன்னாள். யாருக்கும் அவசரமில்லை.

மாலையில் முடிவுகளை மூன்றாவது இடத்திலிருந்து அறிவித்தார்கள். மூன்றாவது அவள் இல்லை. இரண்டாவதும் இல்லை. “போச்சு” என்றாள் பவித்ரா, சாதாரணமாக. அடுத்து அவள் பெயரைச் சொன்னபோது அவளுக்குக் கேட்கவே இல்லை. ஷோபாதான் அவளைப் பிடித்து எழுப்பி மேடைப் பக்கம் தள்ளினார்.

வெளியே வந்து, வேப்பமரத்தடியில் நின்று, என் போனிலிருந்து முருகேசனைக் கூப்பிட்டோம். ஸ்பீக்கரில் போட்டேன். அந்தப் பக்கம் கல் அறுக்கும் மெஷின் கத்திக்கொண்டிருந்தது.

“அப்பா, ஃபர்ஸ்ட்டுப்பா!”

“இன்னா? கேக்கலம்மா!”

“ஃபர்ஸ்ட்டு! நான் ஃபர்ஸ்ட்டு!”

மெஷின் நின்றது. லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். அப்புறம், போனிலிருந்து வாயை எடுத்துவிட்டு, அந்தக் கட்டிடம் முழுக்கக் கேட்கும்படி அவர் கத்தியது எங்களுக்கு வந்தது.

“ஏய், கேள்றப்பா எல்லாரூ! நன் மகளு கன்னடதல்லி ஃபஸ்ட் பந்தவ்ளே! இடீ ஸ்டேட்டுகே!”

என் மகள் கன்னடத்தில் முதலாவதாக வந்திருக்கிறாள், ஸ்டேட்டுக்கே, எல்லாரும் கேளுங்கள் என்கிறார். அங்கே யாரோ விசிலடித்தார்கள். யாரோ சிமென்ட் சட்டியைத் தட்டினார்கள்.

பவித்ரா கோப்பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, சிரிப்பும் அழுகையுமாக என்னைப் பார்த்தாள். “மிஸ், அப்பா தப்பாப் பேசறாரு. ‘பந்திதாளே’ன்னு சொல்லணும்.”

“தப்பா?” என்றார் ஷோபா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. “யாரு சொன்னது? எங்க மண்டியாவுல ‘பந்தவ்ளே’ன்னுதான் சொல்வோம். உங்க அப்பா ரொம்பச் சரியாப் பேசறாரு.”